புகைபோக்கியில் குறை இல்லை, அடுப்புக்குத்தான் ஆசை அதிகம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நானே செங்கல் அடுக்கிக் கணப்பு கட்டி முடித்து மூன்று வாரம் ஆகிறது. அகலம் 1.2 மீட்டர், உயரம் 2 மீட்டர். சூடு கொஞ்சமும் வீணாகக் கூடாது என்று புகைவழியை உள்ளே இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, மறுபடி இறங்கிப் போகும்படி ஐந்து கால்வாயாகக் கட்டினேன். ஒவ்வொன்றின் உள்ளளவும் 11.5க்கு 23 சென்டிமீட்டர். கடைசிக் கால்வாயின் அடியிலிருந்து, வெளிச்சுவரை ஒட்டி 4.5 மீட்டர் புகைபோக்கி. உள்விட்டம் 15 சென்டிமீட்டர். பற்றவைத்தால் முதல் அரை மணி நேரம் அறை முழுக்கப் புகை. அப்புறமும் தீ சோம்பலாகத்தான் எரிகிறது. கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கிறது. புகைபோக்கியின் அடியில் குச்சி வெப்பமானியை நுழைத்துப் பார்த்தேன், 60 டிகிரியைத் தாண்டவில்லை. புகைபோக்கியை ஒரு மீட்டர் உயர்த்தலாமா? மேலே மின்விசிறி வைக்கலாமா? படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, மின்விசிறியை மறந்துவிடுங்கள். உயர்த்தும் வேலையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பதிலை எழுதிவிட்டீர்கள்: 60 டிகிரி.

இந்த வகைக் கணப்பைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரி. விறகை ஒன்றிரண்டு மணி நேரம் கொழுந்துவிட்டு எரித்து, அந்தப் புகையைச் செங்கல் கட்டுமானத்துக்குள் சுற்றவிட்டு, சூட்டைக் கல்லில் ஏற்றி வைத்துக்கொள்வது இதன் வேலை. தீ அணைந்த பிறகும் கல் பல மணி நேரம் சூடு தந்துகொண்டிருக்கும். ஃபின்லாந்து, ரஷ்யா, ஆஸ்திரியா போன்ற குளிர் நாடுகளில் பல நூறு ஆண்டுகளாக இருப்பதுதான்.

இனி உங்கள் அடுப்புக்கு வருவோம். புகைபோக்கிக்குள் இருக்கும் சூடான காற்று லேசானது. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. அந்தக் கனம் அடுப்பின் வாய் வழியே உள்ளே தள்ளுவதைத்தான் நாம் இழுவை என்கிறோம். அது எவ்வளவு என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: புகைபோக்கியின் உயரம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம். வெளியே 5 டிகிரி என்று வைத்துக்கொண்டு உங்கள் 4.5 மீட்டருக்குக் கணக்குப் போட்டேன். புகைபோக்கிக்குள் சராசரியாக 150 டிகிரி இருந்தால் சுமார் 19 பாஸ்கல் இழுவை கிடைக்கும் (பாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). 60 டிகிரி என்றால் 9 பாஸ்கல்தான். பாதிக்குப் பாதி போய்விட்டது. 19 பாஸ்கல் என்பதே ஏதோ பெரிய சக்தி என்று நினைக்காதீர்கள். ஒரு தட்டில் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் தட்டின் அடியில் அது தரும் அழுத்தம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் முழு வீட்டுக்கும் சூடேற்றும் அடுப்பை ஓட்டுகிறோம். அதில் பாதியை இழந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கண்ணெரிச்சல் சொல்லும்.

இதே 60 டிகிரியில் புகைபோக்கியை ஒரு மீட்டர் உயர்த்தினால் கூடுதலாகக் கிடைப்பது 2 பாஸ்கல். அதுவும் கணக்கில்தான். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் குழாயில் புகை இன்னும் குளிர்ந்துதான் மேலே போகும் என்பதால் அந்த இரண்டும் முழுசாகக் கைக்கு வராது.

சரி, அந்தச் சூடு எங்கே போயிற்று? நீங்கள் ஆசைப்பட்ட இடத்துக்குத்தான், கல்லுக்குள். ஐந்து கால்வாயும் புகையைச் சக்கையாகப் பிழிந்துவிட்டுக் கடைசியில் புகைபோக்கியிடம் தருகின்றன. புகைபோக்கிக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும். நான் கட்டுகிற அடுப்புகளில் தீ நன்றாக எரியும்போது புகைபோக்கியின் அடியில் 120 முதல் 150 டிகிரி வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே போனால் இழுவை மட்டும் போவதில்லை, புகையில் இருக்கும் நீராவி குழாய்ச் சுவரிலேயே தண்ணீராக இறங்கும். கரியோடு கலந்து பழுப்பாக வழியும். புகைபோக்கியின் அடிக் கதவைத் திறந்து பாருங்கள், அந்தக் கறை இப்போதே தெரியக்கூடும்.

ஏறி இறங்கும் கால்வாயில் இன்னொரு இழப்பும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. சூடான புகை தானாக மேலே போகத்தான் விரும்பும். அதைக் கீழே இறக்க இழுவையிலிருந்து செலவழிக்க வேண்டும். அடுத்த கால்வாயில் அது ஏறும்போது திரும்பக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும், ஆனால் முழுசாக அல்ல, ஏனென்றால் ஏறும்போது அது முன்னைவிடக் குளிர்ந்திருக்கும். ஒன்றரை மீட்டர் உயரக் கால்வாயில் 300 டிகிரியில் இறங்கி 200 டிகிரியில் ஏறினால் நிகர நஷ்டம் ஏறக்குறைய 2 பாஸ்கல். உங்களுக்கு இருக்கும் 9 பாஸ்கலில் ஒவ்வொரு இறக்கமும் இப்படி ஒரு கடி கடிக்கிறது. இதில் உரசலையும் திருப்பத்தையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

திருப்பம் என்றதும் உங்கள் படத்துக்கு வருகிறேன். நன்றாக வரைந்திருக்கிறீர்கள், பென்சிலால் செங்கல் வரிசையைக்கூட எண்ணிவிட முடிகிறது. அதனால்தான் மாட்டிக்கொண்டீர்கள். கால்வாயின் பரப்பு 264 சதுர சென்டிமீட்டர். ஆனால் ஒரு கால்வாயிலிருந்து அடுத்ததற்குப் புகை அடியில் நுழையும் இடத்தில் ஒரே ஒரு வரிசைச் செங்கலைத்தான் விட்டிருக்கிறீர்கள். உயரம் 7, அகலம் 23. பெருக்கினால் 161. பரப்பு குறைந்தால் வேகம் கூடும், வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்காகும். உங்கள் திருப்பத்தில் தடை கால்வாயில் இருப்பதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். அந்த இடத்தில் 2 சென்டிமீட்டர் சாம்பல் படிந்தால் ஐந்து மடங்கு. சாம்பல் படிவது வேறெங்கும் அல்ல, சரியாக அந்த இடத்தில்தான். புகை திரும்பும்போது தூக்கி வந்த சாம்பலை அங்கேதான் கீழே போடும். என் கணக்கில் திருப்பத்தின் திறப்பு கால்வாயின் பரப்பைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், இப்போதே கடப்பாரையை எடுக்காதீர்கள். கட்டி மூன்று வாரம்தான் ஆகிறது. சாந்தில் குழைத்த தண்ணீர், நனைத்து வைத்த செங்கல் குடித்த தண்ணீர் என்று வாளி வாளியாக ஈரம் இன்னும் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.6 மெகாஜூல் வெப்பம் போகும். உங்கள் 60 டிகிரியில் ஈரத்துக்கும் பங்கு உண்டு. அடுத்த இரண்டு வாரம் காலையும் மாலையும் இரண்டு கிலோ சுள்ளி, அதற்கு மேல் வேண்டாம். பெரிய தீ போட்டு அவசரமாகக் காயவைத்தால் உள்ளிருக்கும் ஆவி வழி தேடும், சுவரில் விரிசல் விடும். கண்ணாடித் துண்டு ஒன்றைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். அடுப்பு எரியும்போது அதில் மூச்சுப் படிவதுபோல் பனி பூத்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் சும்மா இருக்க வேண்டாம், சோதனை செய்யலாம்.

முதலில் புகைபோக்கியைத் தனியாகச் சோதியுங்கள். அடுப்பில் தீ இல்லாதபோது புகைபோக்கியின் அடிக் கதவைத் திறந்து, ஒரு முழுத்தாள் செய்தித்தாளைக் கசக்கி அங்கே வைத்துக் கொளுத்துங்கள். புஸ்ஸென்று இழுத்துக்கொண்டு போனால் புகைபோக்கியின் மேல் பழி இல்லை, நோய் அடுப்புக்குள்தான். அங்கேயும் புகை திரும்பி வந்தால் உச்சியில் ஏதோ அடைப்பு. பறவைக்கூடாக இருக்கலாம், மூடி வலையில் கரி பிடித்திருக்கலாம்.

அடுத்தது வீடு. அடுப்பு புகையும்போது அதே அறையின் ஜன்னலை மூன்று விரல் அகலம் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தீ உற்சாகமானால் உங்கள் வீட்டுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் சமையலறையின் புகை வெளியேற்றும் விசிறி ஒன்று ஓடினாலே போதும், 9 பாஸ்கல் இழுவையை அது சுலபமாகத் தோற்கடித்துவிடும். விசிறி ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

மூன்றாவதாகக் கள்ளக் காற்று. தீ எரியும்போது ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சாம்பல் வாரும் கதவுகளின் விளிம்பில், புகைபோக்கி சேரும் மூட்டில், சாந்து விரிசலில் மெல்ல நகர்த்துங்கள். ஊதுபத்திப் புகை உள்ளே வளைந்து நுழையும் இடமெல்லாம் ஓட்டை. பதினைந்துக்குப் பதினைந்து கதவைச் சுற்றி 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மொத்தம் 12 சதுர சென்டிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த வழியே நுழைவது குளிர்ந்த காற்று, அது தீயைத் தொடாமலே புகைபோக்கியில் ஏறி, மிச்சம் இருக்கும் சூட்டையும் தின்னும். கண்ணாடி இழைக் கயிறு வைத்துக் கதவை இறுக்குங்கள்.

விறகைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாதவர்கள் பெரும்பாலும் பச்சை விறகு வைத்திருப்பவர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்றால் காய்ந்தது, பொத்தென்றால் ஈரம். ஈரமானி இருந்தால் கட்டையைப் பிளந்து புது முகத்தில் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெளிமுகத்தில் குத்தினால் அது பொய் சொல்லும்.

இன்னொரு சோதனை, இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம். நான் முதன்முதலில் கட்டிய கணப்பு, அண்ணனும் நானும் சேர்ந்து கட்டியது, பதினோரு நாள் புகைந்தது. புகைபோக்கி குட்டை என்றேன் நான். விறகு சரியில்லை என்றார் அண்ணன். ஒரு தகரக் குழாயைத் தேடி வந்து உச்சியில் மாட்டினோம், புகை குறையவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே நின்று, வாயில் நுரையோடு, "சாக்கை யாரு எடுத்தது?" என்றார். மேல் வரிசை கட்டும்போது சாந்து உள்ளே விழாமல் இருக்கக் கால்வாய்க்குள் ஒரு கோணிச்சாக்கைத் திணித்திருந்தோம். இருவரும் எடுக்கவில்லை. மூன்று வரிசையைப் பிரித்து வெளியே இழுத்தபோது அது பாதி கருகி, தார் பிடித்து, ஒரு செத்த விலங்கு மாதிரி வந்தது. அதிலிருந்து நான் கட்டும் எல்லா அடுப்பிலும் சாக்கில் ஒரு கயிற்றைக் கட்டி வெளியே தொங்கவிடுவேன். எனவே தம்பி, கைவிளக்கும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்து ஒவ்வொரு சாம்பல் வாயிலும் நுழைத்துப் பாருங்கள். சாக்கு இல்லாவிட்டாலும் அடியில் விழுந்து இறுகிய சாந்துக் கட்டி கட்டாயம் இருக்கும். உளியால் தட்டி எடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரம் கழித்து 60 டிகிரியே காட்டினால் அறுவை சிகிச்சை. முழுசாகப் பிரிக்க வேண்டியதில்லை. உங்கள் ஐந்து கால்வாய்களுக்கு நடுவே நான்கு தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன. முதல் தடுப்பிலும் மூன்றாவது தடுப்பிலும் புகை அடிவழியே போகிறது. இரண்டாவதிலும் நான்காவதிலும் உச்சி வழியே. வெளிச்சுவரில் இரண்டு செங்கலை எடுத்துக் கையை நுழைத்து, இரண்டாவது தடுப்பின் அடியில் 23க்கு 14 அளவில் ஒரு திறப்பு போடுங்கள். முதலாவது, மூன்றாவது தடுப்புகளின் அடியில் இருக்கும் குறுகிய வாயையும் அதே கையோடு இன்னும் இரண்டு வரிசை உயர்த்திவிடுங்கள். கடைசிக் கால்வாயிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் வாயையும் மறக்க வேண்டாம். மேலே தாங்கும் செங்கலுக்குக் கீழே ஒரு இரும்புப் பட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் தடுப்பே இறங்கிவிடும்.

இப்போது புகை முதல் கால்வாயில் இறங்கி, நடுவில் ஒரு ஏற்ற இறக்கத்தைச் சுற்றாமல் அடியிலேயே கடந்துவிடும். அப்படியானால் நடுக் கால்வாய்கள் சும்மா நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்காது. கடந்து போகும் புகையில் சூடானது தானே அவற்றுக்குள் மேலே எழும்பித் தங்கும், ஆறியது கீழே இறங்கி வெளியேறும். கவிழ்த்த மணிக்குள் நடப்பதுபோல. இந்த முறையில் முழு அடுப்பையே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் இப்போதெல்லாம் அப்படித்தான் கட்டுகிறேன். புகையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவது தடுப்பின் அடியிலும் அதே மாதிரி ஒரு திறப்பு போட்டு, அதற்கு மட்டும் இழுத்துத் தள்ளும் இரும்புத் தகடு ஒன்று வையுங்கள். பற்றவைக்கும்போது திறந்து, புகைபோக்கி சூடான பிறகு, பத்துப் பதினைந்து நிமிடத்தில், மூடுங்கள். அந்த முதல் அரை மணி நேரப் புகைக்கு இதுதான் மருந்து.

புகைபோக்கியை வெளிச்சுவரில் வைத்ததை இனி மாற்ற முடியாது. ஆனால் போர்த்தலாம். உலோகக் குழாய் என்றால் தீப்பிடிக்காத கல் கம்பளியை 5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சுற்றி, மழை படாமல் தகரம் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். சாக்கு கிடைத்தாலும் எழுதுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் கணப்பு குளிர் கடிக்கும் நாளில் அருமையாக எரிகிறது. வெயில் வந்த நாளில் பற்றவைத்தால் புகை அறைக்குள் வருகிறது. ஏன் அம்மா?

பதில்: இரவெல்லாம் குளிர்ந்த செங்கல் புகைபோக்கி, பகலில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தே நிற்கும். உள்ளே இருக்கும் காற்று கனமாகிக் கீழே வழியும். தீக்குச்சியைப் பற்றவைத்து அடுப்பு வாயில் பிடித்தால் சுடர் உங்கள் பக்கம் சாயும், பாருங்கள். அந்த நாள்களில் அடுப்பை மூட்டும் முன் புகைபோக்கியின் அடியில் செய்தித்தாள் கொளுத்தி அந்தக் குளிர்ந்த தூணை முதலில் விரட்டிவிட வேண்டும். ஒரு தாள் போதவில்லையென்றால் மூன்று. அப்படியும் அடங்கவில்லையென்றால் அன்றைக்கு அடுப்பே வேண்டாம், வெயிலில் உட்காருங்கள்.

காற்றடிக்கும்போது மட்டும் குப்குப்பென்று புகை வந்தால் அது வேறு கதை. புகைபோக்கியின் உச்சி கூரையைவிடத் தாழ்ந்திருக்கும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 90 சென்டிமீட்டராவது உயர வேண்டும். அதோடு, சுற்றி 3 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட 60 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். உயர்த்துவது உண்மையிலேயே பலன் தரும் இடம் இதுதான்.

கேள்வி: இரும்பு பீப்பாயைக் கவிழ்த்து வைத்துச் செய்யும் ராக்கெட் அடுப்பு கட்டினேன். விறகு வைக்கும் வாய் வழியே தீ மேலே ஏறி வருகிறது. 15 சென்டிமீட்டர் குழாய்தான் போட்டேன்.

பதில்: இந்த அடுப்பில் தீ நடுவே நிற்கும் எரிகுழாயில் மேலே ஏறி, கவிழ்த்த பீப்பாயின் கூரையில் மோதித் திரும்பி, பக்கவாட்டில் இறங்கி, அடியில் கிடைமட்டமாகப் போகும் குழாய் வழியே வெளியேறும். இரண்டு இடம் பாருங்கள். உள்ளே நிற்கும் எரிகுழாயின் உச்சிக்கும் பீப்பாயின் கூரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? 15 சென்டிமீட்டர் குழாய்க்குக் கணக்குப்படி 3.75 சென்டிமீட்டர் போதும், பரப்பு சமமாகிவிடும். ஆனால் புகை அங்கே சட்டென்று திரும்புவதால் 5க்குக் குறையாமல் விடுங்கள். இரண்டாவது இடம் பீப்பாயின் அடியிலிருந்து அந்தக் கிடைமட்டக் குழாய்க்குப் புகை நுழையும் வாய். நான் பார்க்கப் போன இத்தகைய அடுப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் மூச்சுத் திணறின. சாம்பலும் அங்கேதான் குவியும். அதைக் குழாயின் பரப்பைப்போல இரண்டு மடங்காக்குங்கள், கை நுழையும் கதவு ஒன்றும் வையுங்கள். விறகைச் செங்குத்தாக, நெருக்கமாக அடுக்கவும் மறக்காதீர்கள்.

கேள்வி: தீ அடங்கியதும் புகைபோக்கித் தகட்டை மூடினால் சூடு தங்குகிறது. தணல் இருக்கும்போதே மூடலாமா? வீட்டில் புகை எதுவும் வருவதில்லையே.

பதில்: கூடாது. புகை தெரியாததுதான் அங்கே ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அப்புறம் தூக்கம். பலர் அந்தத் தூக்கத்திலிருந்து எழவில்லை. தணலைக் கிளறிப் பாருங்கள், நீலச் சுடர் ஒன்றுகூட ஓடக் கூடாது, சிவப்பு ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. அதன் பிறகு மூடலாம். இழுவை குறைவான அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், முதல் கேள்வி கேட்ட தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை அடுப்பு இருக்கும் அறையிலும், இன்னொன்றைத் தூங்கும் அறையிலும் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை அதன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.